முத்திருளன் கட்டிய சூழல்

முட்டி இரண்டும் அன்றைக்கு மடங்க மாட்டோம் என்றன. இருபது வருடமாக மண்டி போட்டே டைல்ஸ் பதித்த முட்டிகள். முத்திருளன் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் நீட்டி, மறு காலைப் பக்கவாட்டில் விட்டு, எப்படியோ தரையில் உட்கார்ந்து சேர்ந்தான். எதிரே மகள் முனீஸ்வரியும் மகன் சூரி என்கிற சூரியபிரகாஷும் நோட்டோடு காத்திருந்தார்கள். அவளுக்குப் பத்து வயது, அவனுக்கு எட்டு.

"ம், புஸ்தகத்தை எடுங்க" என்றான்.

"எந்தப் புஸ்தகம்ப்பா?"

அதை அவன் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஏதாச்சும் ஒண்ணை எடு."

முனீஸ்வரி இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். முத்திருளன் எட்டாவதோடு நின்றவன். புத்தகத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தான், எட்ட வைத்துப் பார்த்தான். அந்த வீட்டுக் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். அதையும் வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டி மறைத்துக்கொண்டு நின்றது.

"வெளிச்சம் பத்தலை. இன்னைக்கு இதோட முடிச்சிக்கிருவம்."

முதல் வகுப்பு நான்கு நிமிடம் நடந்தது. அவன் எழுந்து நிற்க ஆறு நிமிடம் ஆனது.

இதெல்லாம் போன வாரம் வந்த வினை. பிள்ளைகள் படித்த தனியார் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். வேலையிலிருந்து நேராகப் போனான். சட்டையில் ஒயிட் சிமெண்ட் இருந்ததால் வாட்ச்மேன் அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தார். உள்ளே போனதும் பிரின்சிபால் அம்மா நாற்காலி காட்டவில்லை.

"பையனுக்கு நாலாம் வாய்ப்பாட்டுக்கு மேல ஏறவே இல்லை. உங்க வீட்டுச் சூழல் சரியில்லைங்க. நாங்க என்ன பண்ண முடியும்?"

முத்திருளன் தலையைக் குனிந்து தரையைப் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனே பதித்த தரை. நாலுக்கு ரெண்டு டைல்ஸ். எங்கே தட்டினாலும், அடியில் கலவை சேராத இடத்தில் வருகிற கொட்டுச் சத்தம் கேட்காது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நூல் பிசகாது. தன் தரையில் தன்னையே நிற்க வைத்துத் தன் வீட்டைக் குறை சொன்னது அவனுக்குப் பொறுக்கவில்லை. அங்கேயே இரண்டு பிள்ளைகளின் டிசியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் மனைவி நாகஜோதி சிம்மக்கல்லில் ஒரு மொத்த மளிகைக் கடையில் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறவள். பஸ் விட்டு இறங்கி வந்து டிசியைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கோவத்துல டிசியை வாங்கிட்டு வந்துட்டீக. இனி?"

"வீட்டுலயே படிக்கட்டும். யுனிவர்சிட்டி பக்கம் ஒரு மேடம் வீட்டுக்கு பாத்ரூம் டைல்ஸ் போட்டேன்ல, சரண்யாதேவி மேடம். அவுக ரெண்டு பிள்ளையையும் வீட்டுல வச்சுத்தான படிக்க வைக்கிறாக."

"அவுக காலேஜுல பெரிய படிப்பு படிச்சவுக."

"அவுகளுக்கு டைல்ஸ் போடத் தெரியுமா?"

நாகஜோதி எழுந்து இரண்டு டிசியையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். தான் ஜெயித்துவிட்டதாக முத்திருளன் நினைத்துக்கொண்டான்.

முதல் வகுப்பு முடிந்த கையோடு அவன் சரண்யாதேவிக்குப் போன் போட்டான். அந்தம்மா நிதானமாகச் சொன்னாள்.

"அண்ணே, பாடமெல்லாம் ரெண்டாவது. முதல்ல வீட்டுச் சூழல். குழந்தைங்க இருக்குற இடத்துல வெளிச்சம் வேணும். நெருக்கடி இருக்கக் கூடாது. தரையில தாராளமா உக்காரணும், புரளணும். அதை மட்டும் சரி பண்ணுங்க. படிப்பு தானா வரும்."

"தானா வருமா மேடம்?"

"தானா வரும்ண்ணே."

அதே சூழல். இல்லை என்று ஒருத்தி சொன்னாள், வேண்டும் என்று ஒருத்தி சொல்கிறாள். முத்திருளனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். இல்லாததைக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு முன்னால் இடிக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் கிழக்குச் சுவரில் சாக்பீஸால் நாலடிக்கு மூன்றடி கோடு போட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் கல் அறுக்கிற மிஷினுக்கு வயர் மாட்டிக்கொண்டே பிள்ளைகளிடம் சொன்னான்.

"இங்க தூசி நெஞ்சை அடைச்சிக்கிரும். வேலை முடியிற மட்டும் வெளிய போங்க. மண்ணு, மரம், மனுசன்னு நாலையும் பாருங்க. அதுவும் படிப்புதானாம்."

"எத்தனை மணிக்கு வரணும்ப்பா?" என்றாள் முனீஸ்வரி.

"நாலு, நாலரை."

"தெனமுமா?"

"தெனமும்தான். சனி ஞாயிறு மட்டும் வீட்டுல இருங்க. பக்கத்து வீட்டு அழகுபாண்டி அன்னைக்கு வீட்டுல கெடப்பான். மிஷின் ஓட்டுனா சண்டைக்கு வருவான்."

முனீஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். அம்மா முனீஸ்வரியைப் பார்த்தாள். முத்திருளன் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு நாகஜோதி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது பிள்ளைகளும் தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டு, கூடவே கிளம்பினார்கள். மண்ணில் விளையாடப் போகிற பிள்ளைகளுக்குப் பவுடர் எதற்கு என்று நினைத்தான். பிறகு சுத்தியல் கைக்கு வந்துவிட்டது.

ஜன்னல் இரண்டு நாளில் திறந்தது. சரியாக அழகுபாண்டி வீட்டுக் குளியலறைக் கதவுக்கு நேரே திறந்தது. நடுவில் மூன்றடிச் சந்து. மூன்றாம் நாள் காலையில் அழகுபாண்டி தோளில் துண்டும் கையில் சோப்புமாக வந்து நின்றான்.

"மாப்ள."

"என்ன மாப்ள."

"நான் குளிக்கப் போறேன்."

"போ."

"நீ பாத்துக்கிட்டே நிக்கிற."

"ஜன்னல் வேலை மாப்ள. பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேணுமாம்."

"உன் பிள்ளைக்கு வெளிச்சம் வர்றதுக்கு என் குடும்பம் ராத்திரியில குளிக்கணுமா?"

நியாயமான கேள்வி. முத்திருளன் அன்றைக்கே அந்த ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தான். ஆனால் வெளிச்சம் வந்தாக வேண்டும். அடுப்படியில்தான் தெற்கு பார்த்த நல்ல ஜன்னல் இருந்தது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது வெறும் நாலரை இஞ்ச் சுவர். அதை எடுத்துவிட்டால் வெளிச்சமும் ஆச்சு, இடமும் ஆச்சு.

எடுத்தான். சுவரோடு அடுப்பு வைக்கிற கடப்பாக்கல்லும் வந்தது. கல்லோடு சிங்க் வந்தது. எல்லாம் வந்த பிறகு மேலே பார்த்தான். கூரையில் முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. வெறும் சுவர் என்று நினைத்தது கூரையைத் தாங்கிக்கொண்டிருந்த சுவர். ஓடிப்போய் ஒரு சவுக்குக் கம்பு வாங்கிவந்து, கூடத்துக்கு நட்டநடுவே முட்டுக் கொடுத்து நிறுத்தினான்.

அடுப்பு கொல்லைக்குப் போனது. காற்றடித்தால் அணைந்தது. காற்றடிக்காத நேரத்தில் பூனை வந்தது.

சாயங்காலம் நாகஜோதி வந்து சுவர் இருந்த இடத்தைப் பார்த்தாள். கம்பைப் பார்த்தாள். "எங்க சோறாக்குறது?" என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்வது என்று அவன் மத்தியானம் முழுக்கப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தான்.

அவள் கேட்கவில்லை.

"ராத்திரிக்கு மட்டும் கொல்லையில ஆக்கிக்கிருவம்" என்றாள்.

"காலைக்கும் மத்தியானத்துக்கும் பிள்ளைகளுக்கு?"

"அது நடந்துக்கிரும்."

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் இப்படி அமைதியாக இருந்ததில்லை.

பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்களோ என்ற குறுகுறுப்பில் ஒருநாள் சாயங்காலம் நாலு பரோட்டா கட்டிக்கொண்டு வந்தான். சூரி கையை எடுத்துவிட்டான்.

"வேணாம்ப்பா. மத்தியானம் முட்டை."

"முட்டையா? யாருடா குடுத்தா?"

சூரி அக்காவைப் பார்த்தான்.

"சமைக்கிற அக்கா குடுத்தாங்கப்பா" என்றாள் முனீஸ்வரி.

"சோறுமா?"

"சோறும்தான். காலையில பொங்கல்."

முத்திருளன் மனசு அப்படியே இளகிப்போனது. அந்தத் தெருவில் எந்நேரமும் தாளிக்கிற வாசம் வருவது ஒரே வீட்டில்தான். அழகுபாண்டியின் மனைவி முத்துத்தாய். புருஷன் சண்டைக்கு வந்தாலும் அவள் மனுஷி. செருப்பைக்கூட மாட்டாமல் நேரே அவர்கள் வாசலுக்குப் போனான்.

"தங்கச்சி, எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். நீ பிள்ளைகளுக்குச் சோறு போட்டு முட்டையும் வைக்கிறியே, அந்த மனசுக்கு நல்லாருப்ப."

முத்துத்தாய் கையில் கரண்டியோடு நின்றாள். "என்னண்ணே குத்திக்காட்டுறீங்க? உங்க பிள்ளைகளுக்கு நான் ஒரு வாய் காப்பித்தண்ணி குடுத்ததில்லை."

"அதைத்தான் சொல்லுறேன். குடுத்ததை வெளிய சொல்லாத மனசு."

"நான் குடுக்கவே இல்லைங்கிறேன்."

"தெரியும் தங்கச்சி. நீ அப்படித்தான் சொல்லுவ."

உள்ளேயிருந்து அழகுபாண்டி வந்தான். "என் பொண்டாட்டி கஞ்சம்னு என் வாசல்லயே நின்னு சொல்லிட்டுப் போறியா? அன்னைக்கு ஜன்னல், இன்னைக்கு முட்டை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாம வீட்டை இடிச்சிக்கிட்டுக் கெடக்க. நாளைக்கே பெட்டிஷன் எழுதிப் போடுறேன். ஆபீஸர் வந்து பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போகட்டும்."

மற்றது எதுவும் முத்திருளனுக்கு உறைக்கவில்லை. தூக்கிட்டுப் போகட்டும் என்றது மட்டும் உறைத்தது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய் எங்கோ விடுதியில் போடுவார்களாம் என்று கட்டட வேலை நடந்த ஒரு சைட்டில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான்.

ஆபீஸர் வருவதற்குள் சூழலை முடித்தாக வேண்டும். ஆபீஸர் வந்தால் முதலில் எதைப் பார்ப்பார்? முத்திருளனைக் கேட்டால், உலகத்தில் யார் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் பார்ப்பது தரையைத்தான். ஒத்துக்கொண்ட இரண்டு வேலையைத் தள்ளிப் போட்டான். பதினோரு வீடுகளில் வேலை செய்து மிஞ்சிய டைல்ஸ் கொல்லையில் கிடந்தது. பழைய தரையைப் பெயர்த்து, அத்தனையையும் இறக்கினான். மார்பிள் மாதிரி, மரம் மாதிரி, கருங்கல் மாதிரி, நடுவில் யார் வீட்டுக் குளியலறைக்கோ வாங்கிய மீன் படம் நாலு. மிஷின் ஓட ஓட வெள்ளைத் தூசி பீரோவில் ஏறியது, சோற்றுப் பானையில் ஏறியது. பாடப் புத்தகங்கள் எல்லாம் ஒரே நிறமாகி எது எந்தப் பாடம் என்று தெரியாமல் போனது.

ஆபீஸருக்குக் காட்ட டிசி வேண்டுமே என்று பீரோவைக் குடைந்தான். காணோம்.

"ஜோதி, டிசி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எங்கங்கிறேன்."

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. நீங்க தரையைப் பாருங்க."

வேலை தொடங்கி ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமைதான் அதிசயம் நடந்தது. சூரி புதுத் தரையில் ஒற்றைக்கால் வைத்துக் குதித்துக் குதித்துப் போனான். கம்பைச் சுற்றி வந்து நின்றான்.

"ஒரு வரிசைக்கு ஏழு. எட்டு வரிசை. ஏழெட்டு அம்பத்தாறு. அப்பா, அம்பத்தாறு டைல்ஸ்."

முத்திருளன் எண்ணிப் பார்த்தான். அம்பத்தாறு. நாலாம் வாய்ப்பாட்டைத் தாண்டாதவன் என்று பெயர் வாங்கியவன்.

"யாருடா சொல்லிக் குடுத்தா?"

சூரி வாயைத் திறந்தான். முனீஸ்வரி முந்திக்கொண்டாள். "தானா வந்துருச்சுப்பா."

தானா. அந்தம்மா சொன்ன அதே வார்த்தை. முத்திருளன் முட்டி வலியை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் பாடம் என்று ஒரு எழுத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. சுவரை எடுத்தான், தரையைப் போட்டான், படிப்பு வந்துவிட்டது. உடனே சரண்யாதேவிக்குப் போன் போட்டான்.

"மேடம், தானா வந்துருச்சு."

"என்னண்ணே வந்துச்சு?"

"ஏழாம் வாய்ப்பாடு."

"எங்க வீட்டுல ஒரு வருஷமா அஞ்சுலயே நிக்குதுண்ணே. என்ன மெத்தட் ஃபாலோ பண்ணீங்க?"

"சுவரை எடுத்தேன் மேடம்."

"எந்தச் சுவர்?"

"அடுப்படிச் சுவர்."

அந்தம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "செவ்வாய்க்கிழமை வந்து எங்க வீட்டு அடுப்படியை ஒரு பார்வை பாத்துட்டுப் போங்கண்ணே" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. காட்டன் சேலை, தோளில் பை, கையில் பதிவேடு. பார்த்ததுமே முத்திருளனுக்குத் தெரிந்துவிட்டது. பெட்டிஷன் போய்ச் சேர்ந்துவிட்டது.

"முத்திருளன் வீடு இதுதானே? நான் பாண்டிமீனா. டீச்சர்."

"டீ போடுறேன்" என்று நாகஜோதி கொல்லைக்குப் போனாள். போனவள் வரவில்லை. சூரி ஓடிப்போய்ச் சவுக்குக் கம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். கம்பு நாலு இஞ்ச். முனீஸ்வரி எழுந்து விறைப்பாக நின்று, "வணக்கம் டீச்சர்" என்றாள். பரவாயில்லை, பயத்திலும் பிள்ளை மரியாதையை விடவில்லை என்று முத்திருளன் தேற்றிக்கொண்டான். வாசலுக்கு வெளியே அழகுபாண்டியின் தலை காம்பவுண்டுக்கு மேலே எழும்பியது.

"நீங்கதான் டைல்ஸ் போடுறவரா?" என்றாள் டீச்சர்.

"ஆமா மேடம். ஆனா பிள்ளைகளை வேலைக்கு விடுறதே இல்லை. கல்லைத் தொட விட்டதில்லை."

"நான் அதைக் கேக்கலையே."

"வீட்டுலயே படிக்கிறாக மேடம். நல்லாப் படிக்கிறாக. டேய் சூரி, ஏழெட்டு எம்புட்டுடா?"

"அம்பத்தாறு" என்றது கம்பு.

"அது எனக்குத் தெரியும்" என்றாள் டீச்சர்.

படித்தவர்களுக்கு இருக்கிற கர்வம் என்று முத்திருளன் நினைத்தான். டீச்சர் அவன் முகத்தையும் பார்க்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. அவன் நினைத்தது போலவே தரையைத்தான் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குதிகாலால் நாலு இடத்தில் தட்டினாள். மீனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"கொட்டுச் சத்தமே இல்லையே."

"வராது மேடம்."

"இது எத்தனை நாள் வேலை?"

"சொந்த வீடுங்கிறதால இழுத்துருச்சு. அடுத்த வீடா இருந்தா மூணு நாள்."

"இருபதுக்கு இருபது ரூம்னா?"

"ஒரு வாரம்."

"பழைய சிமெண்டுத் தரை பேந்து குண்டும் குழியுமா இருந்தா?"

"பத்து நாள்."

அவள் பதிவேட்டைத் திறந்து எதையோ குறித்துக்கொண்டாள். முத்திருளனுக்குப் புரிந்துவிட்டது. எத்தனை நாளாகப் பிள்ளைகளைப் படிக்கவிடாமல் வைத்திருந்தான் என்று கணக்குப் போடுகிறாள். அவனுக்கு மண்டி போடச் சிரமமே இருக்கவில்லை, முட்டி தானாக மடங்கியது.

"மேடம், நான் படிச்சது எட்டாவது. வீட்டுச் சூழல் சரியில்லைன்னு சொன்னாக. நான் போட்ட தரையில என்னைய நிக்க வச்சுச் சொன்னாக. சூழல்னா என்னண்டு எனக்கு யாரும் காட்டுனது இல்லை. எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன். சுவரை எடுத்தேன், தரையைப் போட்டேன். தப்புன்னா திரும்பச் சுவரைக் கட்டிப்புடுறேன். பிள்ளைகளை மட்டும் தூக்கிட்டுப் போயிறாதீக."

கொல்லைப் பக்கம் நாகஜோதி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. காம்பவுண்டுக்கு மேலே அழகுபாண்டி தொண்டையைச் செருமினான்.

"மாப்ள, எந்திரி. நான் பெட்டிஷன் எதுவும் போடலை. கோவத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எனக்கு எழுத வராதுங்கிறது உனக்குத் தெரியாதா?"

முத்திருளன் மண்டி போட்டபடியே அவனைப் பார்த்தான். பிறகு டீச்சரைப் பார்த்தான்.

"அப்ப நீங்க எதுக்கு மேடம் வந்திருக்கீக?"

பாண்டிமீனா டீச்சர் பதிவேட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டுத்தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். முனீஸ்வரியின் கையெழுத்து.

"உங்க பிள்ளைங்க ரெண்டு பேரும் ஒரு மாசத்துக்கு மேல எங்க கவர்மெண்ட் ஸ்கூல்லதான் படிக்கிறாங்க சார், அம்மாவோட சேர வந்த அன்னைக்கு, இங்க ஃபீஸே கிடையாதும்மான்னு நான் சொன்னதை நம்பாம, எங்கப்பா மூணாம் வகுப்புக்குத் தரை போட்டுத் தருவாருன்னு உங்க பொண்ணு எழுதிக் குடுத்தா, அந்தத் தரை இன்னும் பாக்கி."